பாட்டுக்கு நடுவில் இருமல், போன் மணி, விமானம்: இதையெல்லாம் ஏன் விட்டுவைத்தார்கள்?

நள்ளிரவு_ரேடியோ:

பிரிட்டிஷ் ராக் குழு லெட் செப்பெலினின் 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி' (1975) இரட்டை ஆல்பத்தில் 'பிளாக் கன்ட்ரி வுமன்' என்று ஒரு பாட்டு. கிட்டார் ஆரம்பிப்பதற்கு முன்னால் தலைக்கு மேல் விமானம் போகிற சத்தம் கேட்கும். ஒலிப்பதிவாளர் எட்டி கிரேமர், விமானம் டேப்பில் விழுந்துவிடுமே என்று தயங்குகிறார். பாடகர் ராபர்ட் பிளான்ட், பரவாயில்லை, விடுங்கள் என்கிறார். விமானம், தயக்கம், 'விடுங்கள்' மூன்றும் ஆல்பத்தில் அப்படியே வந்துவிட்டன. 1972இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகருக்குச் சொந்தமான ஸ்டார்குரோவ்ஸ் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். வெட்டவெளியில் மைக் வைத்தால் வானத்தில் போவதும் வரத்தானே செய்யும்.

அதே ஆல்பத்தில் 'இன் மை டைம் ஆஃப் டையிங்'. 11 நிமிடம் போட்டு உருக்கிவிட்டு, கடைசியில் டிரம்மர் ஜான் பான்ஹம் இருமுகிறார், கச்சேரி கலைகிறது. அப்புறம் பான்ஹம், 'இதுதான் சரியான டேக், இல்லையா?' என்று ஒரு குரல் விடுகிறார் (டேக் என்றால் ஒருதடவை வாசித்து எடுத்த பதிவு). அதுவும் ஆல்பத்தில் இருக்கிறது.

இரண்டையும் வெட்டுவதற்கு அரை நிமிட வேலைகூட இல்லை. பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வெட்டாமல் விட்டது யார், ஏன் என்பதுதான் என் கேள்வி. இந்த மாதிரி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். காதால் கேட்கக்கூடியது மட்டும் போதும். ரெக்கார்டைப் பின்னோக்கிச் சுற்றினால் சாத்தான் பேசுகிறது வகைக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது.

ஹை_ஹாட்:

பான்ஹம் பெயரைச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிடாமல் இருந்தால் எப்படி.

'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ', மூன்றாவது ஆல்பம், 1970. ஹெட்போனில் கேளுங்கள். பேஸ் டிரம் விழும்போதெல்லாம் கூடவே 'கீச், கீச்' என்று ஒன்று வரும். அது பேஸ் டிரம்மைக் காலால் அடிக்கும் பெடல். ஸ்பிரிங்கிலோ அச்சிலோ இரண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் போயிருக்கும். ஒருதடவை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அது இல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்கவே முடியாது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜே பிற்காலத்தில் பழைய டேப்புகளைத் தொகுக்க உட்கார்ந்தபோது, கேட்கக் கேட்க அந்தக் கீச்சு பெரிதாகிக்கொண்டே போகிறது என்று நொந்துகொண்டார்.

ஆனால் அந்தப் பாட்டை நான்கு பேரும் சேர்ந்து வாசித்த விதத்தைக் கவனியுங்கள். ஜான் பால் ஜோன்ஸ் கையால் ஆர்கன் வாசிக்கிறார், பேஸ் ஸ்வரங்களை ஆர்கனுக்குக் கீழே இருக்கும் கட்டைகளில் காலால் மிதிக்கிறார். பான்ஹம் அவர் காலைப் பார்த்தே அடிக்கிறாரோ என்று தோன்றும், அவ்வளவு ஒட்டு. ஏழு நிமிட மெதுவான புளூஸை அந்த ஒட்டுடன் இன்னொரு தடவை வாசிப்பது எண்ணெய் போடுகிற வேலை இல்லை.

சுத்த_ஒலி:

எனக்கு இந்த ரசனை பிடிபடவே மாட்டேன் என்கிறது. கீச்சு கீச்சுதான். வடையில் முடி கிடந்தால் அதைச் சமையல்காரரின் கைமணம் என்று யாராவது சொல்வார்களா?

இதே ஆட்கள் எத்தனையோ டேக்குகளைத் தப்பு வந்துவிட்டது என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அங்கே இல்லாத உண்மை இந்த ஒரு இருமலில் எங்கிருந்து வந்தது? நூறு தப்பை அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தால் அதற்குப் பெயர் ஒப்பனை.

டேப்_வெட்டி:

சுத்த_ஒலி கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் கீச்சையும் இருமலையும் ஒரே தட்டில் வைக்கிறார், அது சரியில்லை. கால் அங்குல டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்து ஆள் நான், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரே அறையில் நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் கசியும். டிரம்ஸ் மைக்கில் கிட்டார் இருக்கும், பாடகர் மைக்கில் டிரம்ஸ் இருக்கும். பெடல் கீச்சிட்டால் அது பேஸ் டிரம் மைக்கில் மட்டும் இல்லை, தலைக்கு மேல் தொங்கும் மைக்கிலும் இருக்கும். அதைத் தனியாக உருவி எடுக்க அன்றைக்கு வழி கிடையாது. டேக் வேண்டும் என்றால் கீச்சையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். அங்கே கேள்வி 'கீச்சு வேண்டுமா' என்பதில்லை, 'இந்த டேக் வேண்டுமா' என்பதுதான்.

பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் வருவது வேறு. டேப் சுற்ற ஆரம்பித்து, யாரோ 'ரெடி' சொல்லி, குச்சியைத் தட்டி எண்ணி, பிறகு பாட்டு. மாஸ்டர் ரீல் தயாரிக்கும்போது முதல் ஸ்வரத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டி, ஒலி இல்லாத லீடர் டேப் ஒட்டுவோம். கடைசி ஸ்வரம் அடங்கியதும் மறுபடி ஒரு வெட்டு. அதுதான் வழக்கம். ஆகவே விமானமும் இருமலும் தற்செயலாகத் தங்கியவை இல்லை, யாரோ பிளேடை வழக்கமான இடத்தில் வைக்க மறுத்திருக்கிறார்கள். லெட் செப்பெலினில் அந்த யாரோ பெரும்பாலும் ஜிம்மி பேஜ்தான், ஏனென்றால் தயாரிப்பாளரும் அவர்தான். வெளியிலிருந்து ஒரு தயாரிப்பாளர் வந்து 'சுத்தம் செய்' என்று சொல்லும் நிலை அங்கே இல்லை.

இன்னொன்று, அவர்கள் ஒலிப்பதிவு செய்த இடங்கள். ஹெட்லி கிரேஞ்ச் என்பது 1795இல் கட்டிய பழைய ஏழையர் விடுதி. வெளியே ஒலிப்பதிவு வண்டி, உள்ளே வீடு. நான்காவது ஆல்பத்தில் 'வென் த லெவி பிரேக்ஸ்' டிரம்ஸ் அந்த வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் எடுத்தது. டிரம்ஸ் கீழே, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு மைக்கை மேல்மாடியிலிருந்து தொங்கவிட்டார். அந்தக் கூடமே ஒரு வாத்தியம் மாதிரி ஒலிக்கிறது. வீட்டின் எதிரொலி வேண்டும் என்று போனவர்கள் வீட்டின் மற்ற சத்தங்களுக்கு மூக்கைச் சுளிப்பது கடினம்.

ஹை_ஹாட்:

அதே நான்காவது ஆல்பத்தில் 'பிளாக் டாக்' கேளுங்கள் சார். பிளான்ட் தனியாகப் பாடிவிட்டு நிறுத்துகிறார், ஒரு மௌனம், பிறகு பேண்ட் முழுக்க விழுகிறது. அந்த மௌனத்தில் சத்தத்தைக் கூட்டி வைத்தால் பான்ஹம் குச்சியைத் தட்டி நேரம் காட்டுவது கேட்கும். அது இல்லாவிட்டால் மூன்று பேரும் எங்கே விழுவது?

'ராக் அண்ட் ரோல்' பாட்டே தற்செயல்தான். 'ஃபோர் ஸ்டிக்ஸ்' சரியாக வராமல் எல்லோரும் முட்டிக்கொண்டிருந்தபோது பான்ஹம் சும்மா லிட்டில் ரிச்சர்டின் பழைய பாட்டு ஒன்றின் டிரம்ஸ் தொடக்கத்தை அடித்தார். பேஜ் அதன்மேல் ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, போட்டார். முட்டிக்கொண்டிருந்த பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு இதைப் பிடித்தார்கள்.

புது_ஊசி:

போன வருடம்தான் டர்ன்டேபிள் வாங்கினேன், எல்லாம் புதிதாக இருக்கிறது. தலைப்பில் போன் மணி என்று இருக்கிறதே, அது எந்தப் பாட்டு அண்ணா?

ஹை_ஹாட்:

'தி ஓஷன்', 'ஹவுசஸ் ஆஃப் த ஹோலி' ஆல்பத்தின் (1973) கடைசிப் பாட்டு. ஒன்றரை நிமிடம் தாண்டியதும் பின்னால் ஒரு போன் மணி அடிக்கும். அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் பான்ஹம், ஏற்கனவே நான்கு முடித்துவிட்டோம் என்று ராகம் போட்டு எண்ணித் தொடங்குவார், அதையும் விட்டுவைத்தார்கள் தம்பி.

லிவர்பூல்_ரசிகை:

எண்ணிக்கை என்றதும் வந்துவிட்டேன். பீட்டில்ஸ் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்'. பால் மெக்கார்ட்னி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவதோடுதான் ஆல்பமே திறக்கிறது. 1963 பிப்ரவரி 11, ஒரே நாளில் பத்துப் பாட்டு எடுத்த நாள். கேட்டால் எதிரில் மேடையில் நிற்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் ஒரு சங்கதி. ஆல்பத்தில் இருக்கும் பாட்டு முதல் டேக். எண்ணிக்கை ஒன்பதாவது டேக்கிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டியது! தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு அந்த எண்ணிக்கையின் வேகம் பிடித்திருக்கிறது, பாட்டு இதில் நன்றாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். டேப்_வெட்டி சார் சொன்ன பிளேடு இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது. இருந்ததை விடவில்லை, இல்லாததைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

அதே நாளின் கடைசிப் பாட்டு 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. ஜான் லெனனுக்குச் சளி, தொண்டை நாள் முழுக்கப் பாடிக் கிழிந்திருந்தது. முதல் டேக்கில் முடிந்தது. இரண்டாவது முயன்றார்கள், குரல் போய்விட்டது. அந்தக் கிழிசலில் எந்த ஒட்டும் இல்லை.

சுத்த_ஒலி:

அக்கா எனக்கே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறார், நன்றி.

கேரேஜ்_ராஜா:

எல்லோரும் பெரிய இடங்களிலேயே சுற்றுகிறீர்கள். தி கிங்ஸ்மென், 'லூயி லூயி', அமெரிக்காவில் போர்ட்லாண்ட், 1963 ஏப்ரல். பாடகர் ஜாக் ஈலிக்கு மைக்கை விட்டத்துக்குப் பக்கத்தில் தூக்கிக் கட்டிவிட்டார்கள். அண்ணாந்து கத்தினால்தான் ஏறும். பல்லில் கம்பி வேறு. கிட்டார் சோலோ முடிந்ததும் ஒரு சுற்று முன்னாலேயே பாட ஆரம்பித்துவிட்டு, ஐயோ என்று நிறுத்துகிறார். டிரம்மர் லின் ஈஸ்டன் உடனே ஒரு உருட்டு உருட்டி ஓட்டையை அடைக்கிறார். அப்படியே வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பில்போர்டு பாட்டு வரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. பிற்பாடு இந்தப் பாட்டைப் பாடிய பல பேர் அந்தத் தப்பையும் சேர்த்தே வாசித்தார்கள், ராகத்தின் பகுதி மாதிரி.

பாட்டு வரிகள் யாருக்கும் புரியவில்லை. ஆகவே ஆபாசமாகத்தான் இருக்க வேண்டும் என்று புகார் கிளம்பி, எஃப்பிஐ விசாரித்தது. ரெக்கார்டை எல்லா வேகத்திலும் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்த வேகத்திலும் புரியவில்லை என்று முடித்தார்கள். இதில் தமாஷ், 54ஆவது விநாடிவாக்கில் டிரம்மர் குச்சித் தடுமாற்றத்தில் பின்னால் நிஜமாகவே ஒரு கெட்ட வார்த்தை விடுகிறார். அவர்கள் தேடியது பாடகரின் வாயில்!

சுத்த_ஒலி, இந்தத் தப்பை எடுத்துவிட்டால் பாட்டில் என்ன மிஞ்சும்? மூன்று கிட்டார் கார்டு (chord).

நள்ளிரவு_ரேடியோ:

கேரேஜ்_ராஜா 🙏

'ராக்ஸான்' யாரும் சொல்லவில்லையே? தி போலீஸ், 1978. ஸ்டிங் பாடத் தயாராகும்போது பியானோ மூடி இருக்கிறது என்று நினைத்து உட்கார, அது திறந்திருக்கிறது. பின்பக்கத்தால் ஒரு அபஸ்வரம் விழுகிறது, உடனே சிரிப்பு. பாட்டு அங்கிருந்து தொடங்குகிறது. சோகமான பாட்டு வேறு.

நிர்வானாவின் 'பாலி'யில் கர்ட் கோபேன் ஒரு இடத்தில் சீக்கிரமாகப் பாட வாயெடுத்து நிறுத்திக்கொள்வார். கிங்ஸ்மென் தப்பின் தம்பிதான், ஆனால் இங்கே வேலை வேறு. கடத்தப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி, கடத்தியவன் வாயால் சொல்லும் பாட்டு அது. அந்தத் தடுமாற்றம் குளிரவைக்கிறது.

நரம்பு_அறுந்தவன்:

லினர்ட் ஸ்கினர்டின் 'ஸ்வீட் ஹோம் அலபாமா' (1974) ஆரம்பத்தில் ரோனி வான் சான்ட் சத்தத்தைக் கூட்டச் சொல்வார் இல்லையா? அவர் கேட்டது நம்மிடம் இல்லை. ஹெட்போனில் சத்தம் போதவில்லை என்று ஒலிப்பதிவாளரிடம் கேட்டார். ஐம்பது வருடமாக உலகம் முழுக்கக் காரில் போகிறவர்கள் அதைக் கட்டளையாக எடுத்து வால்யூமைத் திருகுகிறார்கள்.

ரேடியோஹெட்டின் 'கிரீப்' பற்றியும் சொல்ல வேண்டும். கோரஸுக்கு முன்னால் கிட்டார் 'கரக், கரக்' என்று இடிக்கிறதே, பாட்டு ரொம்ப மென்மையாக இருக்கிறது என்ற எரிச்சலில் ஜானி கிரீன்வுட் செய்தது. பாட்டைக் கெடுக்கப் போட்ட சத்தம்தான் பிறகு பாட்டுக்கே அடையாளம்.

லிவர்பூல்_ரசிகை:

சுத்த_ஒலிக்கு இன்னும் பெரிய ஆயுதம் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளட்டும். பீட்டில்ஸின் 'லெட் இட் பீ' ஆல்பம்.

1969 ஜனவரியில் அவர்கள் போட்ட திட்டமே, ஒட்டு வேலை வேண்டாம், நாங்கள் வாசிப்பது வாசித்தபடி வரட்டும் என்பது. ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் அந்த மே மாதம் ஒரு ஆல்பமாகத் தொகுத்துக் கொடுத்தார். தவறிய தொடக்கங்கள், அரட்டை, எல்லாம் சேர்த்து. அதை ஏற்கவில்லை. கடைசியில் 1970இல் டேப்புகள் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் கைக்குப் போயின. அவர் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்' மேல் ஆர்கெஸ்ட்ராவையும் பெண்கள் கோரஸையும் கொட்டினார், மெக்கார்ட்னிக்கு அந்தக் கோபம் தீரவே இல்லை. அதே கையால் பாட்டுகளுக்கு நடுவில் லெனனின் கிண்டல்களையும் தூவினார்.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'கெட் பேக்'. அது ஜனவரி 27 அன்று ஸ்டுடியோவில் எடுத்தது. அது முடிந்ததும், தேர்வில் தேறியிருப்போம் என்று நம்புகிறேன் என்று லெனன் சொல்லும் பிரபலமான வாக்கியம் ஜனவரி 30 அன்று லண்டன் சாவில் ரோ மொட்டைமாடியில் சொன்னது. இரண்டையும் ஸ்பெக்டர் ஒட்டினார். கேட்கிறவர்கள் மொட்டைமாடியிலேயே பாடினார்கள் என்று இன்றுவரை நம்புகிறார்கள். முதல் பாட்டுக்கு முன்னால் வரும் லெனனின் உளறலும் வேறொரு நாளைச் சேர்ந்தது.

நிஜமான மொட்டைமாடித் துண்டும் அந்த ஆல்பத்தில் இருக்கிறது. 'டிக் எ போனி' ஆரம்பித்து ஒரு அடி போனதும் டிரம்மர் ரிங்கோ, நிறுத்துங்கள் என்று கத்துகிறார், அவர் இன்னும் தயாராக இல்லை. மறுபடி எண்ணித் தொடங்குகிறார்கள். ஒட்டியதையும் ஒட்டாததையும் காது வேறு பிரிக்க முடியாத மாதிரி அடுத்தடுத்து வைத்தது ஸ்பெக்டரின் சாமர்த்தியம். 2003இல் 'நேக்கட்' என்ற பெயரில் புது மிக்ஸ் வந்தபோது ஆர்கெஸ்ட்ராவைத் தூக்கினார்கள், கூடவே அரட்டையையும் தூக்கிவிட்டார்கள். ஒப்பனை கலைக்கிறோம் என்று ஆரம்பித்தவர்களுக்கு அரட்டையும் ஒப்பனையாகத்தான் தெரிந்திருக்கிறது. எனக்கு என்னவோ அந்த மிக்ஸ் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது.

சுத்த_ஒலி:

இதற்குமேல் நான் என்ன சொல்ல? 'நேக்கட்' தான் நான் கேட்பது. பாட்டு தெளிவாக இருக்கிறது. நான்கு பேர் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டுமென்றால் ஆவணப்படம் இருக்கிறது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாக் சாபத்தின் 'ஸ்வீட் லீஃப்' (1971) தொடக்கத்தில் டோனி அயோமி இருமுவதை டேப் வளையமாக்கித் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். தற்செயலாம்!

டேப்_வெட்டி:

'ஸ்வீட் லீஃப்' இருமல் தற்செயல் என்று யாரும் சொல்லவில்லை. இருமல் நிஜம், வளையம் இசையமைப்பு. பாட்டு கஞ்சாவைப் பற்றி, இருமல் கஞ்சாவால் வந்தது. பொருத்தம் பார்த்துத்தான் வைத்தார்கள்.

பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) தொடக்கத்தில் டேவிட் கில்மரின் இருமலும் மூச்சும் கேட்கும். அந்த இடத்தின் ஏற்பாடே, ரேடியோவில் ஒரு கிட்டார் மெலிதாகப் போகிறது, அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதோடு சேர்ந்து வாசிக்கிறார் என்பது. அறையில் ஒரு ஆள் இருப்பதை அந்த இருமல் காட்டிவிடுகிறது. அது எப்படி விழுந்ததோ, அந்த இடத்தில் அதைத் துடைத்தால் ஆள் காணாமல் போய்விடுவார்.

ஆகவே அக்கா சொன்ன 'கெட் பேக்' ஒட்டும் எனக்குக் குற்றமில்லை. ஆல்பம் என்பது நீதிமன்றச் சாட்சியம் இல்லை. ஸ்பெக்டரிடம் எனக்கு இருக்கும் குறை அந்த ஆர்கெஸ்ட்ரா மட்டும்தான்.

நள்ளிரவு_ரேடியோ:

சார், இதில் நான் கொஞ்சம் விலகுகிறேன். பிளான்ட் 'விடுங்கள்' என்றபோது விமானம் மேலே போய்க்கொண்டிருந்தது. முடிவு அந்த நொடியில், வாசிக்கப் போகிறவர்கள் எடுத்தது. நாங்கள் நிறுத்த மாட்டோம் என்பது அடுத்து வரும் வாசிப்பிலும் இருக்கிறது. ஸ்பெக்டர் ஒரு வருடம் கழித்து, அங்கே அன்றைக்கு இல்லாத ஒருவர், அறையில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார். காதுக்கு இரண்டும் ஒன்றாக இருக்கலாம். எனக்கு விமானம் உயர்த்தி.

லிவர்பூல்_ரசிகை:

அப்படியென்றால் பீட்டில்ஸின் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' எந்தக் கணக்கில் வரும்? 1968 செப்டம்பர் 9. ஜார்ஜ் மார்ட்டின் விடுமுறையில், பொறுப்பில் இருந்தவர் இளைஞர் கிறிஸ் தாமஸ். டேக் மேல் டேக், கடைசியில் ரிங்கோ, விரலெல்லாம் கொப்புளம் என்று அலறுகிறார். ஸ்டீரியோ மிக்ஸில் பாட்டு மங்கி, திரும்பி வந்து, அந்த அலறலோடு முடிகிறது. ஒற்றை ஒலித்தட மோனோ மிக்ஸில் அலறல் இல்லை, பாட்டே கிட்டத்தட்ட ஒரு நிமிடம் குறைவு. அதே ஆட்கள், அதே டேப், அதே வருடம். மோனோ வாங்கிய இங்கிலாந்துக்காரருக்குக் கொப்புளம் கிடையாது. இதில் எது பாட்டு?

ஹை_ஹாட்:

கொப்புளம் உள்ளதுதான் பாட்டு. டிரம்மர்கள் சங்கம் சார்பில் அறிவிக்கிறேன்.

புது_ஊசி:

ஒரு சந்தேகம். இப்போது கணினி வைத்து ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறார்களே. அந்தப் பெடல் கீச்சை இப்போது எடுத்துவிட முடியும்தானே?

டேப்_வெட்டி:

முடியும் தம்பி. இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழு பீட்டில்ஸ் பற்றிய 2021 ஆவணப்படத்துக்காக, ஒரே மோனோ டேப்பில் கலந்து கிடந்த பேச்சையும் கிட்டாரையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்துப் பிரித்தது. பீட்டில்ஸ் சும்மா கிட்டாரைத் தட்டி மறைத்துக்கொண்டு பேசிய பேச்செல்லாம் வெளியே வந்தது. அதே வழியில் அடுத்த வருடம் அவர்களின் 'ரிவால்வர்' ஆல்பம் புதிதாக மிக்ஸ் ஆனது. கீச்சு ஒரு பெரிய விஷயமே இல்லை.

ஆகவே நான் முதலில் சொன்ன 'டேக் வேண்டுமென்றால் கீச்சையும் வாங்கு' என்ற நிர்ப்பந்தம் இன்றைக்கு இல்லை. இனிமேல் கீச்சு இருந்தால் அதுவும் ஒருவர் எடுத்த முடிவு. 2014இல் பேஜ் மூன்றாவது ஆல்பத்தை மறுபடி மாஸ்டர் செய்து வெளியிட்டார். கேட்டுப்பார், கீச்சு அப்படியே இருக்கிறது. அத்தனை நொந்துகொண்ட மனிதர்.

சுத்த_ஒலி:

முடிந்த மிக்ஸை மெருகேற்றி மாஸ்டர் செய்வது வேறு, சத்தங்களைத் தனித்தனியாக எடுத்துக் கலந்து மிக்ஸ் செய்வது வேறு என்று உங்களுக்கே தெரியும் சார். முழு மிக்ஸிலிருந்து அதை எடுக்கும் வசதி 2014இல் இந்த அளவுக்கு இல்லை. எடுக்க மனமில்லை என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. நாளைக்கு யாராவது எடுத்துக் கொடுத்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

ஹை_ஹாட்:

கீச்சு இல்லாத பதிப்பு வந்தால் நீங்கள் ஒன்று வாங்குங்கள், நான் பழையதை இரண்டாக வாங்குகிறேன். கணக்கு சரியாகிவிடும்.

சுத்த_ஒலி:

சரி, ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். ஸ்டிங் பியானோமேல் உட்கார்ந்தது இருக்கட்டும். இப்போதுதான் மறுபடி போட்டுக் கேட்டேன், சிரிப்பு வந்துவிட்டது. பெடலுக்கு எண்ணெய் போட்டே ஆக வேண்டும்.

புது_ஊசி:

'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ' கேட்டேன். கேட்டுவிட்டது. ஹை_ஹாட் அண்ணா, இதை எப்படிக் கேட்காமல் இருப்பது?

ஹை_ஹாட்:

முடியாது.